இன்றைக்குக் காபித்தூள்

துணி கட்டிய டம்ளரில் மூக்கை வைத்து இழுத்தாள் துர்காதேவி. ஒன்றும் வரவில்லை.

இன்னொரு முறை இழுத்தாள். அப்போதும் இல்லை.

"இன்னா வாசனைம்மா? சீக்கிரம் சொல்லு, பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு" என்றார் விடுதி வார்டன் கல்பனா.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய பாலிடெக்னிக் அது. கரோனாவுக்கு நடுவே கடைசி வருடப் பெண்களுக்கு மட்டும், பிராக்டிகல் தேர்வுக்காக விடுதியைத் திறந்திருந்தார்கள். திறந்த கையோடு கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

தினமும் காலையில் மெஸ் வாசலில் வாசனைப் பரிசோதனை. தேறினால்தான் நாஷ்டா.

இடைவெளிவிட்டு நிற்கப் போட்ட சுண்ணாம்பு வட்டத்தைவிட்டு ஒரு கால் வெளியே வந்தாலும் கத்துகிற கல்பனா மேடம், எல்லோருடைய மூக்குக்கும் அந்த ஒரே டம்ளரைத்தான் நீட்டுவார். கரோனா வருவதென்றால் அது வழியாகத்தான் வர வேண்டும். அதை அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம்?

துர்கா மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

மாஸ்க்கையும் மீறி ஏறும் இரும்பு மில் புகைகூட இன்றைக்கு வரவில்லைதான். காற்று திசை மாறியிருக்கும் என்றல்லவா நினைத்துக்கொண்டாள்.

வாசனை தெரியாதவர்களைப் பின்பக்க ஒர்க்ஷாப்புக்கு அனுப்பிவிடுவார்கள். லேத் மெஷின்களை ஓரம் தள்ளிக் கட்டில் போட்டிருக்கிறார்கள். பக்கத்து அறை விக்டோரியா அங்கேதான் போனாள். அங்கிருந்து ஆம்புலன்சில் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

வீட்டுக்கும் போக முடியாது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் அவர்கள் குப்பத்துக்குள் வெளியாள் வராமல் வழியை அடைத்துவிட்டார்கள். "அங்கியே இரும்மா, ஊருக்குள்ள சேக்க மாட்டாங்க" என்று அப்பாவே போனில் சொல்லிவிட்டார்.

அதுகூடப் பரவாயில்லை. ஒருத்தி போனால் அறைத்தோழியும் கூடவே ஒர்க்ஷாப்புக்குப் போக வேண்டும் என்பது விதி.

அறைத்தோழி ஏஞ்சலுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். பனிக்காற்று பட்டாலே இழுக்கும். நோயாளிகளுக்கு நடுவே அவளைப் படுக்கப் போட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே துர்காவுக்குப் பயமாக இருந்தது.

அந்த ஏஞ்சல் இப்போதுதான், இவளுக்கு முன்னால், "காபித்தூள் மேடம்!" என்று கணீரென்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு முன்னால் போனவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

எல்லோருக்கும் வருகிறது. தனக்கு மட்டும்தான் வரவில்லை.

ஆனால் அந்த டம்ளரில் ஒரு சௌகரியம் இருந்தது. விடுதியில் டம்ளருக்குள் போடுவது இரண்டே பொருள்தான், ஒரு நாள் கற்பூரம், மறுநாள் காபித்தூள். நேற்று கற்பூரம். இந்த முறையை மாற்றிப் போடலாமே என்று இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. இந்தப் பரிசோதனையில் மூக்கே இல்லாதவர்கூட முதல் மார்க் வாங்கலாம்.

"காபித்தூள் மேடம்" என்றாள் துர்கா.

"ம், போ."

அவள் வாசற்படியில் கால் வைக்கும்போது சமையல்காரர் கலியன் கையில் ஒரு டப்பாவோடு உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"ஐயையோ மேடம்! அதுல இன்னும் ஒண்ணுமே போடலியே! டம்ளரைக் கழுவித் துணி கட்டிகினு இருந்தேன், பால் பொங்கிடுச்சு, அப்டியே வெச்சிட்டு ஓடிட்டேன்!"

வரிசையின் கடைசியில் யாரோ களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், மெஸ் வாசலே அதிர்ந்தது.

முதலில் முகர்ந்து பார்த்து, "சரியா இருக்கு" என்று பரிசோதனையைத் தொடங்கிவைத்தவரே கல்பனா மேடம்தான். அவர் டம்ளரைப் பார்த்தார். கலியனைப் பார்த்தார். நல்லவேளையாக மாஸ்க் போட்டிருந்தார்.

துர்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூக்குக்கு ஒன்றுமில்லை, டம்ளர்தான் காலி. இத்தனை பேரும் பயந்துபோய்ப் பொய் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பொய்க்காரிகள் ஒவ்வொருத்தியையும் பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

கலியன் காபித்தூள் டப்பாவைத் திறந்ததும் வட்டமாவது வரிசையாவது! முண்டியடித்துக்கொண்டு மூக்கை நீட்டினார்கள். ஆளாளுக்கு "ஆகா" என்றார்கள். ஒருத்தி தும்மியே விட்டாள். "தள்ளி நில்லுங்கடி!" என்று வார்டன் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

துர்காவும் மாஸ்க்கை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டே குனிந்தாள். ஆசை தீர இழுத்தாள்.

தூள் மூக்கில் ஏறி உறுத்தியது.

வாசனை மட்டும் இல்லை.

நிமிர்ந்து வார்டனைப் பார்த்தாள். சொன்னால் ஏஞ்சலுக்கும் ஒர்க்ஷாப். சொல்லாவிட்டால் இன்று ராத்திரியும் ஏஞ்சல் பக்கத்துக் கட்டிலில்தான் படுப்பாள். எது அவளைக் காப்பாற்றும் என்று துர்காவுக்குத் தெரியவில்லை. வாயைத் திறந்தாள்.

அதற்குள் ஏஞ்சல் மாஸ்க்கைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"பேஜாராப் பூட்ச்சுடி! எனக்கும் ஒண்ணுமே வர்ல. என்னால உன்னியும் இட்டுகினு பூடுவாங்களேன்னு அழுகையே வந்துச்சு. இப்ப வருதில்ல உனுக்கு?"

பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் துர்காவை இறுகக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துச் சிரித்தாள்.

துர்கா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.