லின்ஃபோல்ட் எந்தத் தொகுதி?

“நானூத்திப் பன்னெண்டு கையெழுத்து, தம்பி! மூணு வாரம் ஒவ்வொரு வீடா படியேறி வாங்கினது.” தாள்கட்டை மடியில் தட்டிக்கொண்டே மேவிஸ் டகெட் அம்மாள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எம்.பி. கிளைவ் ஆஷ்வொர்த் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நகர மண்டபத்தில் தொகுதி எல்லை விசாரணை. புதிய வரைபடப்படி, ஆற்றுக்கு அக்கரையில் மேவிஸ் அம்மாள் குடியிருக்கும் லின்ஃபோல்ட் அடுக்கு வீடுகள் கிளைவின் தொகுதியை விட்டு, அந்தக் கரைத் தொகுதிக்குப் போகின்றன. அப்படிக் கோடு போடச் சொல்லிக் கட்சிக்காரர்களை விட்டு எழுத வைத்தவரே கிளைவ்தான். லின்ஃபோல்ட் ஓட்டு என்றைக்கும் அவருக்கு எதிராகத்தான் விழும். போன தடவை அறுநூறு ஓட்டில் தப்பிப் பிழைத்தார்.

மேவிஸ் அம்மாள் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி நீட்டினார். “குடிங்க, குளிருது. ஆமா, போட்ட கோடு போட்டதுதானே? இன்னிக்கு யாரும் மாத்திட மாட்டாங்களே?”

குத்திக்காட்டுகிறார் என்று கிளைவுக்குப் புரிந்தது. மூன்று தேர்தலாக லின்ஃபோல்ட் பக்கம் தலைவைத்துப் படுக்காத ஆளுக்குத் தேநீர் வேறு! ஒரு வாய் குடிப்பதற்குள் கூனிக் குறுகிப் போனார்.

அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறுதான் இயற்கையான எல்லை என்று பத்து நிமிடப் பேச்சு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

“ஆறெல்லாம் சும்மா சாக்குங்க. எனக்கு ஓட்டுப் போட மாட்டாங்கன்னு நான்தான் இவங்களைத் தள்ளிவிடச் சொன்னேன். சொல்லவே வெக்கமா இருக்கு. லின்ஃபோல்ட் என் தொகுதியிலேயே இருக்கட்டும்.”

விசாரணை அதிகாரி பேனாவை எடுத்தார். “கேட்டவரே வேண்டாம்னுட்டா, அந்தக் கோடு எங்களுக்கு எதுக்கு?” என்று வரைபடத்தில் அதை அடித்துவிட்டார்.

அடுத்த தேர்தலில் பதவி போகும். போகட்டும் என்று நினைத்தபோதே கிளைவுக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. திரும்பி வந்து மேவிஸ் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுடுங்கம்மா. இனிமே உங்களை என்கிட்டேருந்து யாரும் பிரிக்க முடியாது.”

மேவிஸ் அம்மாள் வெடுக்கென்று கையை உதறினார்.

“அடப்பாவி மனுஷா, உங்ககிட்டேருந்து தப்பிக்கத்தானேய்யா நாங்க அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம்!”