படையலில் வைத்த போன்

"அடுத்த மாடல் போன் வரட்டும்லா, வாங்கிக்கிறேன். பெட்ரி ரெண்டு நாளைக்கு நிக்குமாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்த தர்மேந்திரன், அது ஈப்போ கடைகளுக்கு வரும் முன்பே இறந்துபோனார்.

கருமாதிப் படையலில் ஆட்டுக்கறிக்கும் ஸ்டவுட் பீருக்கும் பக்கத்தில் மனைவி கலாதேவி அந்தப் புதுப் போனை வைத்தாள். அவருடைய சிம்மைப் போட்டிருந்தாள், ஆன் செய்யவில்லை. அவர் வந்து சாப்பிடட்டும் என்று எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

கதவைத் தட்டிவிட்டுத் திறந்தபோது சாப்பாடு அப்படியே இருந்தது. போன் திரையில் மட்டும் வெளிச்சம். அது விரல் ரேகை கேட்டது. கலாதேவியின் விரலை ஏற்கவில்லை.

"கடையில யாராச்சும் விரல் வெச்சிருப்பாங்க அக்கா. குடுங்க, மாத்தித் தாரேன்" என்றான் தம்பி கோகிலன்.

"வேணாம், இருக்கட்டும்."

அன்று மாலையே அவனும் பத்து காஜா ஊருக்குத் திரும்பிவிட்டான்.

தினமும் போனுக்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றி, அவருடைய நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் கலாதேவி வேலைக்குப் போகிறாள். திரும்பி வரும்போது சார்ஜ் தீர்ந்து, போன் சூடாக இருக்கிறது. அவளுடைய போனுக்கு மட்டும் அழைப்பே வருவதில்லை.

புதுப் போனில் எந்த எண்ணும் பதியவில்லை; அவருக்கு யாருடைய எண்ணும் மனப்பாடமாக இருந்ததில்லை. இன்று கிளம்பும்போது, தன் எண்ணைப் பெரிதாக ஒரு தாளில் எழுதிப் போனுக்கடியில் வைத்தாள்.