தோழர் சந்தியோகுவின் பாவசங்கீர்த்தனம்

முப்பது வருடம் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் செங்கொடி பிடித்த சந்தியோகு, இன்று தானாகவே வந்து சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழந்தாளிட்டிருக்கிறார். பின்னேர வெயில் பலகைச் சல்லடை வழியே அவர் முகத்தில் பொட்டுப்பொட்டாக விழுகிறது. வெளியே ஒரு கழுதை கத்துகிறது. “தோழர்...” என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்கிறார். “சுவாமி.” சல்லடைக்கு அப்பால் இளம் சுவாமியார் மெல்லச் சிரிக்கிறார். “கட்சியில இருந்ததுக்கும் பாவமெண்டு மனஸ்தாபப்படுறியளோ?” “செபத்தை விட்டதுக்கு மனஸ்தாபப்படுறன், சுவாமி. வள்ளமும் வலையும் வைச்சிருக்கிற சம்மாட்டிமாருக்கு முன்னால எங்கட வலைகாரச் சனத்துக்காக நிண்டதுக்கு இல்லை.” சுவாமியாரின் சிரிப்பு நின்றுபோகிறது. பாவமன்னிப்புச் சொல்லி உயர வேண்டிய கை மடியிலேயே கிடக்கிறது. முழங்கால் விண்விண்ணென்று வலிக்கிறது. சந்தியோகு எழும்பவில்லை. அன்று வலைகாரரின் வேலைநிறுத்தத்தில் சம்மாட்டியின் வாசலில் அசையாமல் இருந்ததுபோலவே, இன்று ஆண்டவரின் வாசலிலும் இருக்கிறார்.