தடுப்புக்கு அந்தப் பக்கம்

"ஒயரைப் பிடுங்கிடாதே கய்யூம். கடைசியா ஒரு தடவை என் புரோகிராமை ஓட்டிப் பாத்துடறேன்" என்றாள் மதுவந்தி.

தி.நகர் மாடியிலிருந்து ஆபீஸ் அடையாறுக்குக் குடிபோகிற நாள். பழைய கம்ப்யூட்டர்களை விலைக்கு எடுத்துப்போக வந்திருந்தான் கய்யூம். ரிச்சி தெருவில் இப்போது அவனுக்குச் சொந்தக் கடை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இருவரும் இங்கே டிரெய்னிகள். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வேலை என்று முதலாளி மாணிக்கவாசகம் முதல் நாளே சொல்லிவிட்டார். வேலை நிலைக்காவிட்டால் தை மாதம் கல்யாணம் என்று மதுவந்தியின் அப்பா சொல்லியிருந்தார். அதை அவள் கய்யூமிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறாள்.

என்ன நாட்கள் அவை! மதியமானால் கரண்ட் போய்விடும். இருவரும் மொட்டைமாடிக்கு ஓடி, ஒரு சமோசாவை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துக்கொண்டு, பாண்டி பஜார் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பார்கள்.

ஒரு புரோகிராமை நடுவில் நிறுத்தி, உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது டீபக்கர். அது ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதைக் கேள்வி கேட்டு, பதிலை அழகாகக் காட்டுகிற மதுவந்தியின் புரோகிராம் இன்னொன்றில். நடுவே ஒரு ஒயர்.

வரி முடிந்தால்தான் பதில் முடிந்தது என்று அவள் புரோகிராமுக்குத் தெரியும். அந்தப் பாழாய்ப்போன டீபக்கரோ சில பதில்களை ஒழுங்காக முடிக்கும், சிலவற்றை அந்தரத்தில் விட்டுவிடும். இன்னும் வரும் என்று அவள் புரோகிராம் தேமே என்று காத்துக் கிடக்கும்.

வெளியாட்களுக்குப் போட்டுக்காட்டும் நாளுக்கு முந்தின மாலை அதைச் சரிசெய்துவிட்டாள். மறுநாள் பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கம் டீபக்கரோடு கய்யூம், இந்தப் பக்கம் அவள். ஒரு பதில்கூட நடுவில் நின்றுபோகவில்லை.

வந்தவர்கள் வாங்கவில்லை. புரோகிராம் அலமாரிக்குப் போயிற்று. வேலை மட்டும் அவளுக்கு நிலைத்தது. புதிதாகச் சேருகிறவர்களிடம் அந்த நாளைப் பற்றி இன்றைக்கும் அவள் பெருமையடிப்பதுண்டு.

தடுப்பை இன்று காலைதான் கழற்றினார்கள்.

இப்போது ஓட்டியதில், முதல் கேள்விக்குப் பதில் வந்தது. இரண்டாவதற்கும் வந்தது.

மூன்றாவதில் திரை அப்படியே நின்றுவிட்டது. மதுவந்தியின் முகம் சுண்டிப்போயிற்று.

எதிரே ஏதோ ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த கய்யூம், தன் பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தான். இடது கை தானாக நீண்டு என்டரைத் தட்டியது.

அங்கே வரி முடிந்தது. இங்கே பதில் வந்து விழுந்தது.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

மதுவந்தி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கய்யூம் மறுபடி ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"அன்னிக்கு, தை மாசமே கல்யாணத்துக்கு இன்னா அவசரம்னு தோணிச்சு மது" என்றான், நிமிராமலே.