சுவரில் ஓர் அம்மா

அந்த விடுதியில் சுவர்கள், கேட்ட அலங்காரத்தையெல்லாம் காட்டும். பிரிசில்லா முதலில் ஒரு ஜன்னலை மட்டும்தான் கேட்டாள். அறைத்தோழி மாளவிகா, "இவ்வளவுதானா?" என்றதும் ஜன்னலுக்கு வெளியே தோட்டம் வந்தது. பிறகு, "எங்க வீடு" என்று அவள் மாளவிகாவிடம் சொல்லிக்கொள்ள ஒரு மாடிவீடு வந்தது. கடைசியில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாவும் வந்து, தினமும் பேசத் தொடங்கினாள்.

உப்பளத்தில் வேலை செய்யும் அந்தோணியம்மா, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் மகள் பிரிசில்லாவைப் பார்க்க வந்துவிட்டாள்.

"சாப்பிட்டியா கண்ணு?" என்று சுவரிலிருந்தவள் பிரிசில்லாவைக் கேட்டாள்.

அந்தோணியம்மா சுவரையும் மகளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"நீங்க யாரு?" என்றாள் மாளவிகா.

பிரிசில்லா குனிந்து ஒரு புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினாள்.

"அவிய வீட்ல வேல பாக்கேம்மா. பிள்ளைக்குக் கருவாட்டுப் பொடி குடுத்துவிட்டாவ" என்று சுவரைக் காட்டிச் சொல்லி, டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அந்தோணியம்மா படியிறங்கிப் போனாள்.

பிரிசில்லா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அதற்குள் பேருந்து கிளம்பிவிட்டிருந்தது.

அவள் அறைக்குத் திரும்பியதும், "யாரு கண்ணு வந்துட்டுப் போனது?" என்று சுவர் கனிவாகக் கேட்டது. மாளவிகாவும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்கம்மா" என்றாள் பிரிசில்லா, தரையைப் பார்த்தபடி.