பத்துக்கு நாலு

"பத்துக்கு நாலு மார்க்தான் போடப் போறேன்" என்றார் விமர்சகர்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "முழுசா ஆடிட்டீங்களா? நேத்து வரைக்கும் அந்தப் பாலத்துலயே செத்துக்கிட்டு இருந்தீங்களே!"

"எல்லாத்தையும் முழுசா ஆடித்தான் எழுதணும்னா இந்த ஒரு ஜென்மம் பத்தாது."

பத்திரிகையில் வீடியோ கேம்களுக்கு மதிப்புரை எழுதுவது அவர் வேலை. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறார். அவர் போடும் மார்க்கைப் பார்த்துவிட்டுத்தான் பலபேர் பர்ஸையே திறப்பார்கள். இந்த கேமின் பிரதி பத்து நாள் முன்னாலேயே விமர்சகர்களுக்கு வந்துவிட்டது. வெளியாகும் நேரம் வரை ஒருவரோடு ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

கேமில் கையில் துப்பாக்கியோடு ஒரு பெண்; அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து காமிரா காட்டுவதைப் பார்த்து அவளை நாம் நடத்திப் போக வேண்டும். முதல் கட்டத்தின் முடிவில் ஒரு பாலம். பாலத்தின் நடுவில் ஓர் இரும்பு ராட்சசன். அவன் நம் விமர்சகரை இதுவரை எழுபத்திரண்டு தடவை ஆற்றில் தள்ளியிருந்தான்.

ஆனால் அவருக்கு எரிச்சல் ராட்சசன் மேல் இல்லை. கேமை உருவாக்கியவன் மேல்.

கல்லூரி விடுதியில் இருவரும் ஒரே அறை. சேர்ந்து ஒரு கேம் செய்ய வேண்டும் என்று நோட்டு நோட்டாகக் கிறுக்கித் தள்ளினார்கள். பிறகு இவர் மாதச் சம்பளத்துக்கு வந்துவிட்டார். நண்பன் விடவில்லை. ஏழு வருடம், பதினோரு பேர், வாடகைக்கு ஒரு மாடி. இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் அவன் படம், அவன் பேட்டி.

"அந்தப் பாலம் என் யோசனை, தெரியுமா? ராட்சசனை வரைஞ்சதே நான். ஒரு பேட்டியிலயாவது என் பேரைச் சொன்னானா?"

"அவர்கிட்டயே கேட்டுடறதுதானே?"

"நான் எதுக்குக் கேக்கணும்? அவனுக்கே தெரிய வேணாமா?"

வயிறு எரிந்தது. அதை அப்படியே வெளியே சொன்னால் அசிங்கம். அதனால் விமர்சனம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார்.

போன் அடித்தது. நண்பன்தான்.

"டேய், எங்க கேமை ஆடிப் பாத்தியா?"

"ம்."

"பாலம் தாண்டிட்டியா?"

விமர்சகருக்குச் சுருக்கென்றது. குத்திக் காட்டுகிறானோ?

"அதெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. நேத்தே மொத்தமும் முடிச்சிட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டார்.



"அப்ப... எங்கிட்ட ஒண்ணும் சொல்லத் தோணலையாடா உனக்கு?"

"என்ன சொல்லணும்? எழுதினப்புறம் படிச்சுக்கோ."

"சரிடா." நண்பனின் குரல் இறங்கிவிட்டது. "எல்லா மதிப்புரையும் சேர்த்து சராசரி ஏழு வந்தாத்தான் கம்பெனியைத் தொடர்ந்து நடத்துவேன்னு எங்களுக்குப் பணம் போட்ட முதலாளி சொல்லியிருக்கார். அதுக்காக நீ ஒண்ணும் கூட்டிப் போட வேணாம். மனசுல பட்டதை எழுது."

போனை வைத்ததும் விமர்சகர் மனைவியிடம் திரும்பினார். "பாத்தியா? மார்க்குக்கு எப்படி அடி போடறான்!"

அன்று மாலையே எழுதி முடித்தார். 'அநியாயக் கடினம். பின்பாதியில் வந்ததே திரும்பத் திரும்ப வருகிறது. கடைசிக் கட்டம் சப்பென்று முடிகிறது.' பின்பாதிக்குக் கம்பெனி அனுப்பிய குறிப்பும் விளம்பர வீடியோவும் கை கொடுத்தன.

கேம் வெளியான அன்று காலை பத்து மணிக்கு எல்லா மதிப்புரைகளும் ஒன்றாக வந்தன. ஒருவர் ஒன்பது போட்டிருந்தார். இன்னொருவர் ஆறு போட்டு, 'இதோடு ஒரு கைவலித் தைலமும் சேர்த்துக் கொடுக்கலாம்' என்று எழுதியிருந்தார்.

ஆடியவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள்.

'நூறு தடவை செத்தேன். நூத்தியோராவது தடவை நாற்காலி மேல ஏறிக் குதிச்சேன்!' என்றது ஒரு கட்சி.

'சுவர் ஓரமாப் போனா காமிராவுக்குக் கண்ணே தெரியலை. காசைத் திருப்பிக் குடு!' என்றது இன்னொரு கட்சி.

மதியம் சராசரி வந்தது. ஆறு புள்ளி எட்டு.

"உங்க நாலு மட்டும் இல்லேன்னா ஏழைத் தாண்டியிருக்கும் போல" என்றாள் மனைவி. "பாவங்க, அந்தப் பதினோரு பேரும் என்ன பண்ணுவாங்க?"

"நான் என் வேலையைத்தான் செஞ்சேன்" என்றார். அன்றைக்குச் சாப்பாடு இரண்டு வாய் கூடுதலாகவே இறங்கியது.

கை கழுவிவிட்டு வந்தபோது மறுபடி போன். ஒன்பது மார்க் போட்ட இளம் விமர்சகர். இவர் எது எழுதினாலும் நொட்டை சொல்கிற ஆள்.

"சார், உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு."

"எதுக்குய்யா? நாலு போட்டதுக்கா?"

"ஆமா சார். பாலத்தைத் தாண்டின உடனே, 'இது என் நண்பன் கண்ட கனவு, அவனுக்கே இது சமர்ப்பணம்'னு திரை முழுக்க உங்க பேர் வருதே... அதைப் பாத்துட்டும் அசையாம நாலு போட்டீங்களே, அந்த நேர்மை யாருக்கு சார் வரும்?"