இடது பக்கத்துப் பால்

ஹெபாமே எங்கள் பிரிட்ஜைத் திறந்து குவார்க் டப்பாவை எடுத்ததும், மாமி சுடுதண்ணீர்த் துணியோடு குறுக்கே போய் நின்றார்.

ஹெபாமே என்றால் வீடு தேடி வரும் மருத்துவிச்சி. குவார்க் ஜெர்மன்காரரின் கட்டித்தயிர். அதைத் துணியில் பரப்பி என் மனைவி தக்சாயினியின் மார்பில் வைக்கப் போகிறாராம்.

தக்சாயினிக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. இடது மார்பு சிவந்து கல்லாக இறுகியிருந்தது.

ஹனோவருக்கு வெளியே ஒரு பண்ணையில் மாடு கறப்பதுதான் என் வேலை. காம்பைத் துடைக்காமல் தொட்டால் முதலாளி கடித்துக் குதறிவிடுவார். முதல் பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் விட்டு, பால் திரிந்திருக்கிறதா என்று பார்ப்போம். மடி சுட்டால் பாலைத் தேங்க விடமாட்டோம். இத்தனையும் தெரிந்தவனுக்குச் சொந்த வீட்டில் நடந்தது தெரியவில்லை.

மகள் கொஞ்சம் தூங்கட்டும் என்று, இரவு முழுக்க மாமி குழந்தைக்குப் போத்தலில் பால்மா கரைத்துக் கொடுத்திருந்தார். பாசத்தில் செய்த வேலை, யாரைக் குறை சொல்வது? பால் உள்ளேயே கட்டிவிட்டது.

"காய்ச்சல் உடம்பில குளிரை வைச்சா சன்னி பிடிக்கும். அந்தப் பக்கத்துப் பாலும் பழுதாப் போச்சு. குடுக்கிறதை நிப்பாட்டு பிள்ளை," என்றார் மாமி.

தக்சாயினி கண்ணைத் திறக்கவில்லை. "ஏலாதம்மா. எனக்கு நிண்டால் நிண்டதுதான். பேந்து வராது."

பாலில் ஒரு பழுதும் இல்லை, பிள்ளை குடிக்கலாம், குளிர் வீக்கத்தை அடக்கும், நாளைக்கும் காய்ச்சல் இறங்காவிட்டால் டாக்டரிடம் போகவேண்டும் என்று ஹெபாமே சொன்னதை நான் மாமிக்குத் தமிழில் சொன்னேன். மாமி என்னை முறைத்துக்கொண்டே விலகினார்.

குவார்க் பட்டதும் தக்சாயினி ஒருமுறை நடுங்கினாள். பிறகு மூச்சு சீராக வந்தது.

சற்றுப் பொறுத்து ஹெபாமே துணியை எடுத்து, மார்பைத் துடைத்து, குழந்தையைச் சேர்த்துப் பிடித்தார்.

குழந்தை முகத்தைச் சுளித்தது. ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தது.

திடீரென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

இறுகிக் கிடந்த இடம் மெல்ல மெல்ல இளகியது. குழந்தையின் நாடியில் ஒரு சொட்டு வழிந்தது. தினமும் தொட்டி தொட்டியாகப் பால் பார்க்கிறவன் நான். அந்த ஒரு சொட்டுக்கு என் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கன்று ஈனாத மாட்டின் மடியில் பாலைத் தேடாதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சொன்னார். தக்சாயினி பால் சுரக்க மாதக்கணக்காக மருந்து எடுத்தாள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை வெறும் மார்பில் பால் உறிஞ்சும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, தத்தெடுப்பு அலுவலகத்தின் தொலைபேசிக்காகக் காத்திருந்தாள்.

எசன் நகரத்தில் இவளைப் பெற்றுவிட்டு, பெயர் சொல்லாமல் போன அந்தப் பெண்ணிடம், பிள்ளை வயிறு நிறையக் குடிக்கிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.